கம்ப்யூட்டர் ஜாதகம் முதல் ஏஐ வரை: குற்றாலத்தில் கொஞ்சம் வரலாறு

போன சீசனில் தென்காசிக்குப் போயிருந்தேன். சாரல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. மாமா ஒரு பளபளப்பான நோட்டீஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விளம்பரம். மூளை வடிவத்தில் நீல நிற வயர்கள், பக்கத்தில் சிரிக்கும் ரோபோ.

"மருமவனே, பேத்திக்கு சீட்டு கேட்டோம். சாதா கம்ப்யூட்டர் சயின்ஸ்னா ஒரு ரேட்டு, ஏஐன்னா அதுக்கு மேல ஒரு ரேட்டு சொல்லுதாவ. ஏஐ படிக்காட்டா நாளைக்கு வேலையே கிடையாதுங்காவ. நீ இந்த லைன்லதான இருக்க, என்ன செய்யலாம்?"

இருபது வருஷத்துக்கு மேல் இந்த லைனில்தான் இருக்கிறேன். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் டீமில் பன்னிரண்டு பேர் இருந்தோம். இப்போது ஏழு பேர். "ஏஐ வந்துவிட்டது" என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தார்கள். போன ஐந்து பேரின் வேலையில் எதை ஏஐ செய்கிறது என்று யாரும் காட்டவில்லை. பெரும்பாலும் மிச்சம் இருக்கும் ஏழு பேர்தான் செய்கிறோம்.

ஒரே சொல் அங்கே ஆளைக் குறைக்கக் காரணமாகிறது, இங்கே சீட்டு விற்க உதவுகிறது. இந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் என் நினைவிலிருந்து. தொண்ணூறுகளில் இந்த ஊர்ப்பக்கம் 'கம்ப்யூட்டர்' என்பது ஒரு மெஷினின் பெயர் என்பதைவிட ஒரு அடைமொழி. கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் கண் பரிசோதனை, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. குற்றால சீசன் கடைகளில் தலையில் கலர் பல்பு எரியும் ஒரு ரோபோ பொம்மை நிற்கும். காசு கொடுத்தால் காதில் ஹெட்போனை மாட்டி விடுவார்கள். ரெக்கார்டு செய்த குரல் ஒன்று நமக்கு ராசிபலன் சொல்லும். எனக்கு வெளிநாட்டு யோகம் இருப்பதாகச் சொன்னது. என் பின்னால் நின்ற பையனுக்கும் அதையேதான் சொன்னது.

அதே காலத்தில் டிவியில் 'ஃபஸி லாஜிக்' வாஷிங் மெஷின் விளம்பரங்கள் வந்தன. இன்று அதே இடத்தில் 'ஏஐ வாஷிங் மெஷின்'. அமெரிக்காவில் இல்லாத ஏஐயை இருப்பதாகச் சொல்லி விற்பதற்கு 'ஏஐ வாஷிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் அங்குள்ள பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இதற்காக இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. இரண்டும் சேர்ந்து 4 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டன.

குறி சொல்லி விற்பதில் குற்றாலத்துக்கு இன்னும் பழைய அனுபவம் உண்டு. பக்கத்து ஊர் மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடியவர். அதில் வரும் சிங்கி எடுத்த எடுப்பில் குறி சொல்வதில்லை. முதலில் தன் மலையின் பெருமை. அடுத்து எந்தெந்த நாட்டில் குறி சொன்னேன் என்ற பட்டியல். கொச்சி, கொங்கு, செஞ்சி, தஞ்சை, கொழும்பு, வங்காளம், சீனம் என்று நீள்கிறது. அங்கெல்லாம் வாங்கிய விருதுகளையும் காட்டுகிறாள். இன்றைய கம்பெனி வெப்சைட்டில் வரும் 'எங்கள் வாடிக்கையாளர்கள்' பக்கம்தான் இது! இத்தனைக்கும் வசந்தவல்லி கேட்டதை எல்லாம் அப்படியே தலையாட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. குறத்தியை அதட்டி மறுத்துப் பேசுகிறாள். அந்த அதட்டல் எனக்குப் பிடிக்கும்.

'ஆர்ட்டிஃபீஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற பெயரே பணம் கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1955இல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியேல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் நால்வரும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் 13,500 டாலர் கேட்டார்கள். மறு வருஷம் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் பத்துப் பேர், இரண்டு மாதம், இதுதான் திட்டம். மெக்கார்த்தி அதற்கு முன் ஷானனோடு சேர்ந்து தொகுத்த நூலின் தலைப்பு 'ஆட்டோமேட்டா ஸ்டடீஸ்'. அந்தத் தலைப்புக்கு வந்த கட்டுரைகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. அடுத்த முறை 'அறிவு' என்ற சொல்லையே பெயரில் வைத்துவிட்டார். உள்ளே நடந்தது நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் பெயர் தந்த எதிர்பார்ப்பு பெரிது. 1973இல் பிரிட்டனில் லைட்ஹில் அறிக்கை வாக்குறுதிக்கும் விளைச்சலுக்கும் உள்ள தூரத்தைச் சுட்டிக்காட்டியது. நிதி சுருங்கியது.

இதையெல்லாம் சொன்னபோது மாமா சிரித்தார். "நாங்க கம்ப்யூட்டர் வேண்டாம்னு கோஷம் போட்டவங்கல்லா!"

மாமா இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், யூனியன்காரர். காலேஜ் படிக்கும்போது இதை வைத்தே அவரைக் கேலி செய்திருக்கிறேன். முன்னேற்றத்தைத் தடுத்த ஆட்கள் என்பதுதான் அன்றைக்கு என் எண்ணம். இப்போது அந்த வரலாற்றைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

1960களில் எல்ஐசி கம்ப்யூட்டர் கொண்டுவர முயன்றபோது, கல்கத்தாவில் ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் கட்டடத்தில் மாதக்கணக்கில் இரவும் பகலும் காவல் இருந்து தடுத்தார்கள். ஆட்டோமேஷன் பற்றி ஆராய மத்திய அரசு வி. எம். தண்டேகர் தலைமையில் ஒரு குழுவே போட்டது. வங்கிகளிலும் இழுபறி. கடைசியில் 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. எந்த மாதிரி மெஷின், எங்கே, எத்தனை, எந்த வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கிளைகளுக்கு வந்த மெஷினின் பெயர் 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'. அந்தப் பெயரில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? அன்று மெஷின் நுழைய அந்தச் சொல் இல்லாமல் இருப்பது வசதி. பத்து வருஷத்தில் அதே சொல்லைப் போட்டு ஜாதகம் விற்றார்கள்.

அவர்கள் பயத்தில் ஒரு பகுதி தப்பாகப் போனது உண்மைதான். கம்ப்யூட்டர் வந்து என்னைப் போல லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்டது. தென்காசியிலேயே 2011 முதல் ஸோஹோ ஆபீஸ் இருக்கிறது. ஆனால் 'எந்த வேலைக்கு, எத்தனை' என்ற அவர்களின் கேள்வி தப்பே இல்லை. என் டீமில் ஐந்து பேர் போனபோது அதைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பழைய ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மாமாவைக் கேலி செய்த நான், அவர் செய்ததில் பாதிகூடச் செய்யவில்லை.

ஏஐயில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பிறகு தினமும் இவற்றைப் பயன்படுத்துகிறேன். நிறைய எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கும் மாடல்கள் இவை. ரோபோ பொம்மை மாதிரி எல்லாருக்கும் ஒரே பலன் சொல்வதில்லை. கோடு எழுதுவதில் நிஜமாகவே உதவுகின்றன. தப்பையும் அதே தைரியத்தோடு சொல்கின்றன. அதனால் குறி பலித்ததா என்று சரிபார்க்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரியும் இருக்காது.

கடைசியில் நானும் மாமாவும் பேத்தியும் உட்கார்ந்து இரண்டு கோர்ஸ் சிலபஸையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் இருக்கும் பேப்பரை எல்லாம் பேத்தி பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், கணக்கு என்று நிறைய அடிபட்டன. மிச்சம் இருந்தவற்றை எண்ணி, "இதை யார் நடத்துவாங்க, லேப் இருக்கான்னு காலேஜ்ல கேக்கணும்" என்று நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொன்னார்: "அந்த மேல் ரேட்டு எதுக்குன்னும் கேளு."