மின்னழுத்தம்

மின் + அழுத்தம். 'மின்' என்பது ஒளிர்தலையும் மின்னலையும் குறிக்கும் பழஞ்சொல். 'அழுத்து' என்ற வினையிலிருந்து அழுத்தம். பேச்சில் புழங்கும் வோல்டேஜ், 1800இல் மின்கல அடுக்கை அறிவித்த இத்தாலியர் அலெஸாண்ட்ரோ வோல்டாவின் பெயரால் வந்தது. இலங்கைத் தமிழில் அதை ஒட்டி 'வோல்ற்றளவு' என்பார்கள்.

நம் சொல் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தை நினைவூட்டும். பாதி வழிவரை அது உதவும். ஆனால் இயற்பியலில் இது விசை அன்று. இரு புள்ளிகளுக்கிடையே ஒரு கூலும் மின்னூட்டம் நகரும்போது கைமாறும் ஆற்றலே மின்னழுத்த வேறுபாடு. டெல்லி வீட்டு பிளக்கில் 230 வோல்ட், அதாவது கூலும் ஒன்றுக்கு 230 ஜூல். அதே ஊரின் மெட்ரோ ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியிலோ 25,000 வோல்ட்! ஒவ்வொரு கூலுமும் அவ்வளவு ஆற்றலைச் சுமப்பதால் குறைந்த மின்னோட்டமே போதும். கம்பி சூடாகி வீணாவதும் குறைகிறது.

கரன்ட் பில்லில் வரும் 'யூனிட்' வேறு. அது ஒரு கிலோவாட்-மணி, 36 லட்சம் ஜூல் ஆற்றல். கோடையில் ஏசிக்கு மாட்டும் ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சீராக்கும். பில்லைக் குறைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.