கோமகன் பெயரும் தொழிலாளி காலும்

'ஊர் சிரித்தது' என்றால் ஊரார் சிரித்தனர் என்பது பொருள். 'கம்பரைப் படித்தேன்' என்றால் கம்பர் இயற்றிய நூலைப் படித்தேன் என்பது பொருள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவதை நம் இலக்கண ஆசிரியர்கள் ஆகுபெயர் என்றனர். இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. நீர் புகாத, முழங்காலைத் தொடும் ரப்பர்க் காலணியை ஆங்கிலேயர் 'வெலிங்டன்' என்பர். அச்சொல்லின் வரலாறு சுவையும் படிப்பினையும் உடையது.

வெலிங்டன் என்பது முதலில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். ஆர்தர் வெல்லெசுலி என்னும் படைத்தலைவர் 1809இல் பட்டம் பெற்றபோது, தம் குடிப்பெயரோடு ஒலி ஒத்த இவ்வூர்ப் பெயர் அப்பட்டத்திற்கு வாய்த்தது. 1797 முதல் 1805 வரை இந்தியாவில் இருந்து, 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்குகொண்டவர் இவரே. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவரும் இவரே. நீலகிரியில் குன்னூரை அடுத்த ஜக்கதளாப் படைமுகாம் 'வெலிங்டன்' ஆனதும் இவர் நினைவாகத்தான்.

அக்காலத்தில் படை அதிகாரிகள் குஞ்சம் தொங்கும் ஜெர்மானியக் காலணியை அணிந்தனர். கோமகன் இலண்டனில் ஹோபி என்னும் காலணி வினைஞரிடம் குஞ்சத்தை நீக்கி, கன்றின் தோலால் காலோடு படியுமாறு தைத்துத் தரச் சொன்னார். செல்வர் அதனைப் பார்த்துத் தாமும் அணிந்தனர். காலணிக்கு அவர் பெயரே நிலைத்தது.

1852இல் கோமகன் மறைந்தார். மறு ஆண்டே காலணியின் கதை திசை மாறியது. சார்லசு குட்இயர் கண்ட முறையால் உறுதிபெற்ற ரப்பரைக் கொண்டு, ஹைரம் ஹட்சின்சன் என்னும் அமெரிக்கர் 1853இல் பிரான்சில் காலணி செய்யத் தொடங்கினார். மரக்கட்டைக் காலணியோடு வயலில் உழைத்த உழவர்கள் ஈரம்படாத காலோடு வீடு திரும்பினர். முதல் உலகப் போரில் சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் வீரர்களின் கால்கள் அழுகின. எடின்பரோவில் இருந்த ஓர் ஆலை அப்போருக்கென 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைகளைச் செய்து அளித்தது. தோல் ரப்பராயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை.

நியூசிலாந்தின் தலைநகர் இக்கோமகன் பெயரையே தாங்கியது. ஆயினும் அந்நாட்டார் காலணியை 'கம்பூட்' என்றே அழைக்கின்றனர். சாதாரணத் தேநீருக்கும் அங்கே 'கம்பூட் தேநீர்' என்று பெயர்; எளிமைக்கே அச்சொல் அடையாளமாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நீர் தேங்கிய இருளில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர், அக்காலணியைத் தட்டியும் மிதித்தும் ஓசை எழுப்பினர். அது ஒரு நடனமாகவே வளர்ந்தது. நாமும் கம்பூட் என்றே வழங்குகிறோம். 'கம்' என்பது பிசினைக் குறிக்கும். ரப்பர் மரத்தின் பாலிலிருந்து பிறப்பதால் வந்த பெயர் அது.

கோமகன் காலில் தொடங்கிய பொருள் உழவன், வீரன், சுரங்கத் தொழிலாளி என இறங்கி வந்து பயன்மிக்கதாயிற்று. நம் நாட்டில் அது இன்னும் இறங்கவேண்டிய படி ஒன்று உண்டு. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அங்கே கம்பூட் மட்டும் போதாது. நச்சுவாயுவிலிருந்து உயிர்காக்கும் கருவியும் வேண்டும். சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023இல் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. அத்தகைய ஆணை வேண்டியிருந்தது என்பதே, சட்டநூலில் உள்ள காப்பு குழியின் வாயிலை எட்டவில்லை என்பதற்குச் சான்று.

பிழைப்பைத் தேடிப் பெருநகர்களுக்கு வந்து வாழும் நாம், நம் தெருவின் தூய்மை யாருடைய காலால் ஆகிறது என்பதை எண்ணுதல் வேண்டும். அடுத்த முறை குழிமூடி திறந்திருக்கக் காணின், இறங்குபவர் காலையும் சற்றே நோக்குவோம்; அது வெறுங்காலாயின், 'ஏன்?' என்று உரியவரைக் கேட்போம்.