கணிப்பொறி நடத்திய குத்துச்சண்டை

ஜாக் டெம்ப்ஸியும் முகமது அலியும் மோதினால் யார் வெல்வார்? டெம்ப்ஸி உலக ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தது 1919 முதல் 1926 வரை. அலி பிறந்ததோ 1942இல். எனவே இக்கேள்விக்கு மேடையில் விடை காண வழியில்லை. ஆனால் கணிப்பொறியால் விடை காணலாம் என்று ஒருவர் நம்பினார். அவர் அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரே வொரோனர்.

1967இல் அவர் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த 16 வீரர்களைத் தேர்ந்தெடுத்தார். வேகம், குத்தின் வலிமை, அடி தாங்கும் திறன், துணிவு முதலியவற்றுக்குக் குத்துச்சண்டை வல்லுநர்களிடம் மதிப்பெண் கேட்டார். அவ்வெண்கள் என்.சி.ஆர். 315 என்னும் கணிப்பொறிக்குள் செலுத்தப்பட்டன. பொறி தந்த முடிவுகள், உண்மைப் போட்டி நடப்பதுபோன்ற வருணனையுடன் வானொலியில் ஒலிபரப்பாயின. இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ டெம்ப்ஸியை 13ஆம் சுற்றில் வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டது.

அலியின் கதி என்ன? 1899 முதல் 1905 வரை சாம்பியனாக விளங்கிய ஜிம் ஜெஃப்ரிஸிடம் கால் இறுதியிலேயே தோற்றார் என்றது பொறி!

இதை வெறும் விளையாட்டு என்று அலியால் தள்ளிவிட முடியவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில்தான் அவர் வியட்நாம் போருக்காக இராணுவத்தில் சேர மறுத்திருந்தார். அதனால் பட்டம் பறிபோயிற்று. மேடையேறவும் அனுமதி இல்லை. அதுவரை தொழில்முறைப் போட்டியில் அவரை எவரும் வென்றதில்லை. மேடையில் யாரும் செய்யாததை ஒரு பொறி செய்துவிட்டதாக ஊர் முழுவதும் கேட்டது. அவதூறு என்று கூறி 10 லட்சம் டாலர் கேட்டு அலி வழக்குத் தொடுத்தார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்படி 1969இல் அலியும் மார்சியானோவும் மயாமியில் ஒரு திரைப்படத்துக்காக மோதினர். அலிக்கு வயது 27. ஒரு தொழில்முறைப் போட்டியிலும் தோற்காமல் 1956இல் ஓய்வு பெற்ற மார்சியானோவுக்கு 45. பல வகை முடிவுகள் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரியில் படம் திரையிடப்பட்டபோது மார்சியானோ உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்கத் திரையில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட மற்றொரு வடிவில் அலி வென்றார்!

தவறு எங்கே?

கணிப்பொறி கணக்கில் தவறியது என்று கொள்ள வேண்டியதில்லை. தராசு சரியாக இருந்தாலும் எடைக்கல் பொய்யானால் நிறுவை பொய்யாகும் அல்லவா? உயரத்தை அளக்க அடிக்கோல் உண்டு. துணிவை அளக்க ஏது அளவுகோல்? 1900இல் ஜெஃப்ரிஸ் சண்டையிட்டதை நேரில் கண்டவர்கள் 1967இல் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மற்றவர்கள் தந்த மதிப்பெண் பெரும்பாலும் கேள்விப்பட்ட புகழுக்குத் தந்ததே.

இன்னொரு சிக்கல் விதிகள். 1889இல் ஜான் எல். சல்லிவன் வெறுங்கையுடன் 75 சுற்றுகள் சண்டையிட்டார். 1915இல் ஜாக் ஜான்சனுக்கும் ஜெஸ் வில்லார்டுக்கும் குறிக்கப்பட்டவை 45 சுற்றுகள். இன்றைய உலகப் பட்டப் போட்டிக்கு 12 சுற்றுகளே. 45 சுற்றுக்குத் தேவையான நிதானம் வேறு, 12 சுற்றுக்குத் தேவையான வேகம் வேறு. யாருடைய விதிப்படி மோத விடுவது?

ஒரு பரிசோதனை

எந்தக் கணிப்பையும் நாம் நம்புவதற்கு முன், விடை தெரியக்கூடிய ஒன்றில் அதைச் சோதிக்க வேண்டும். அத்தகைய சோதனை 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்தது. அலியின் எதிராளி ஜார்ஜ் ஃபோர்மன். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் வீழ்த்தியவர். வல்லுநர்களில் மிகப் பலர் ஃபோர்மனே வெல்வார் என்றனர். அவர்களுடைய மதிப்பெண்களைப் பொறியில் இட்டிருந்தால் அதுவும் அப்படியே சொல்லியிருக்கும்.

மேடையில் நடந்தது வேறு. அலி கயிற்றில் சாய்ந்து நின்று, அடிகளைக் கைகளிலும் உடலிலும் வாங்கி, ஃபோர்மனைக் களைப்படையச் செய்தார். எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த உத்தி பழைய மதிப்பெண் பட்டியல் எதிலும் இல்லை. அலி அதை அன்றுதான் மேடையில் கையாண்டு காட்டினார்.

ஆகவே, கணிப்பு இத்தனையில் இத்தனை பங்கு வாய்ப்பு என்று சொல்லலாம். இவர்தான் வென்றார் என்று சொல்ல அதற்கு உரிமையில்லை.

அலிக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ரத்து செய்தது. ஆனால் 25 வயது முதல் 28 வயது வரை, உடல் உச்ச வலிமையில் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவர் மேடை ஏறவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் யாரை வென்றிருப்பார், யாரிடம் தோற்றிருப்பார்? ஜெஃப்ரிஸுடன் நடக்காத சண்டையைவிட, நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட அந்தச் சண்டைகளே நாம் உண்மையில் இழந்தவை. எந்தப் பொறியாலும் அவற்றை இனி நமக்குத் தர முடியாது.