தைப்பூசம் தேசியப் பொது விடுமுறையாதல் வேண்டும்

ஒரு நாட்டின் நாட்காட்டியைப் புரட்டினால், அந்நாட்டில் வாழ்வோர் யாவர், அவர்கள் எவற்றைப் போற்றுகின்றனர் என்பன விளங்கும். பொது விடுமுறை என்பது வெறும் ஓய்வு நாளன்று; ஒரு சமயத்தாரின் புனித நாளை அரசு மதித்து வழங்கும் அறிந்தேற்பு ஆகும். அவ்வகையில், தைத்திங்களில் பூச நாண்மீன் முழுமதியோடு கூடும் நன்னாளாகிய தைப்பூசத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

இந்நாட்டில் தைப்பூசம் நேற்று முளைத்த விழா அன்று. பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் 1891இல் முருகன் கோயில் உருவாயிற்று. 1892 முதல் ஆங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. தோட்டப்புறத் தொழிலாளர் லாரிகளிலும் புகைவண்டிகளிலும் வந்து திரண்டனர். பினாங்கிலோ, நகரத்தார் தம் வெள்ளி இரதம் வீதி உலா வரும் காட்சி சீனரையும் ஈர்த்து நிற்கின்றது. சீன அன்பர்களும் காவடி எடுப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

எனினும், விடுமுறை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றது. சிலாங்கூர், பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் அது பொது விடுமுறை. கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் 2008ஆம் ஆண்டிலேதான் அப்பேறு பெற்றன. பத்துமலைக்குச் செல்லும் இரதம் புறப்படும் நகரமே அதுகாறும் காத்திருந்தது என்பது எண்ணத்தக்கது. 2021இல் கெடா மாநிலத்தில், நோய்த்தொற்றைக் காரணம் காட்டி, சிறப்பு விடுமுறை வழங்கப்படாதபோது நம்மவர் நெஞ்சம் வருந்திற்று. ஆண்டுதோறும் வழங்கப்படும் சலுகை, சட்டத்தால் அமைந்த உரிமைக்கு ஈடாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. மலாக்கா, பகாங் முதலிய மாநிலங்களில் 2024ஆம் ஆண்டிலும் தைப்பூசம் பொது விடுமுறையாக இல்லை. நெகிரி செம்பிலானில் காவடியைக் காணும் மாணவன் ஒருவன் இருக்க, எல்லைக்கு அப்பாலுள்ள அவன் உறவினன் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' எனக் குறிக்கப்படும் நிலை பொருந்துமா?

அண்டை நாடாகிய சிங்கப்பூர் நமக்கு வேறொரு பாடத்தைத் தருகின்றது. ஆங்குத் தைப்பூசம் முன்பு பொது விடுமுறையாகவே இருந்தது. பொருளாதாரப் போட்டித்திறனை உயர்த்தும் பொருட்டு, 1968இல் விடுமுறைகள் குறைக்கப்பட்டன. முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்த நாளையும், கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் விடுமுறைகளையும் விட்டுக் கொடுத்தனர். தீபாவளியா, தைப்பூசமா என்ற வினா எழுந்தபோது, இந்துக்கள் தீபாவளியைத் தேர்ந்தனர். 2015இல் அவ்விடுமுறையை மீட்கும் கோரிக்கை எழுந்தும் பயன் விளையவில்லை. ஒரு முறை இழந்த விடுமுறையை மீண்டும் பெறுதல் எளிதன்று.

கோரிக்கைக்கு மறுப்புரைப்போர் கூறுவன இரண்டு. விடுமுறைகள் ஏற்கெனவே மிகுதி என்பது ஒன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 6.1 விழுக்காட்டினரே என்பது மற்றொன்று. முதலாவது புறக்கணிக்கத்தக்கதன்று. விடுமுறையால் தொழில் நின்றால் நாள் கூலி பெறுவோரும் இழப்படைவர். ஆதலின், புதிதாக ஒரு நாளைக் கூட்டுவதினும், மாநிலங்கள் தம் விருப்பிற்கேற்ப அறிவிக்கும் நாள்களுள் ஒன்றை மாற்றியமைத்தல் நன்று. இரண்டாவதற்கு மொரீசியசு விடை பகர்கின்றது. ஆங்குத் தமிழர் சிறுபான்மையினரே. எனினும் தைப்பூசக் காவடித் திருநாள் அந்நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. முருகன் ஆறுபடை வீடுகள் அமைந்த தமிழ்நாட்டிலோ, 2021 முதற்கொண்டே அது அரசு விடுமுறையாயிற்று! அதற்கு நெடுங்காலம் முன்னரே நம் மாநிலங்கள் சில அதனை மதித்தன என்பது பெருமைக்குரியது.

கோரிக்கை விடுப்போர்க்குக் கடமையும் உண்டு. விடுமுறை கிடைத்த மாநிலங்களில் அந்நாள் ஆரவாரத்திலும் குப்பையிலும் கழியுமாயின், நம் வாதம் வலுவிழக்கும். ஆசிரியர்கள் தைப்பூசத்திற்கு முன்னரே அதன் வரலாற்றை வகுப்பில் விளக்குதல் வேண்டும். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் அக்காலத் தைப்பூசம் குறித்துக் கேட்டெழுதி வைத்தல் வேண்டும். அவ்வேடுகளே நாளை நம் கோரிக்கைக்குச் சான்றாகும். தன் விழாவின் வரலாற்றை அறிந்த சமுதாயமே, அதனை மதிக்குமாறு பிறரைக் கேட்கும் தகுதி பெறும்.