லிஜ்ஜத் பப்படம்

ஸ்ரீ மகிளா கிருக உத்யோக் லிஜ்ஜத் பப்பட் என்பது பெண்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் இந்தியத் தொழிலமைப்பு. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காமில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், குஜராத்திப் பெண்கள் எழுவர் 80 ரூபாய் கடனில் தொடங்கினர். அன்று இட்டவை நான்கு பாக்கெட் அப்பளம். 1966-இல் சங்கமாகப் பதிவாகி, கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றது.

உறுப்பினர்கள் ‘சகோதரிகள்’ எனப்படுவர். காலையில் கிளைக்குச் சென்று பிசைந்த உளுந்து மாவை வாங்கி, வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் எடைபோட்டுக் கொடுத்துக் கூலி பெறுவர். வீட்டு வேலையை விட முடியாத பெண்ணுக்கும் வருமானம் கிடைத்தது இந்த ஏற்பாட்டால்தான். வளர்ச்சிக்கு விளம்பரத்தைவிட இதுவே பெரிய காரணம் எனலாம். லாபமும் நட்டமும் உறுப்பினர்களையே சேரும். ஆண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. நன்கொடை வாங்குவதில்லை என்பதில் தொடக்கம் முதலே பிடிவாதம். ஆகவே இதைத் தொண்டு நிறுவனம் என்பது பொருந்தாது.

நிறுவியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.