யின்–யாங்: சீன மருத்துவத்தில் சமநிலைக் கொள்கை

சீனரின் யின்–யாங் கொள்கையைப்பற்றிப் பேச்சு எழும்போது, அது நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிகழும் ஓயாப் போராட்டம் என்றே நம்மில் பலர் பொருள்கொள்கின்றனர். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் தோன்றிய மானியின் சமயத்திற்கு அவ்விளக்கம் பொருந்தலாம். சீன மருத்துவ நூல்களுக்குப் பொருந்தாது. இவ்வேறுபாடு சிறிதன்று. நோயுற்றோரைச் சந்திக்கும் கடமையுடைய நாம், ஒரு மக்களினம் நோயை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதைச் செவ்வையாய் அறிதல் வேண்டும்.

யின் என்பது முதலில் மலையின் நிழற்பக்கத்தையும், யாங் என்பது வெயில்படும் பக்கத்தையும் குறித்தன. மலை ஒன்றே, கதிரவன் நகர, நிழலும் இடம் மாறும். ஆகவே நிழலைத் தீமையென்று ஒதுக்க இடமில்லை. இரண்டும் வேண்டும், ஒன்று அளவு கடந்தால் கேடு விளையும்.

இக்கருத்து மருத்துவத்துள் நுழைந்ததற்குச் சோ சுவான் என்னும் வரலாற்று நூல் சான்று தருகிறது. கி.மு. 541இல் ஜின் நாட்டு மன்னர் நோயுற்றார். தெய்வங்களே நோய்க்குக் காரணம் எனக் குறிகூறுவோர் அறிவித்தனர். அண்டை நாட்டினின்று வந்த ஹோ என்னும் மருத்துவரோ அதனை ஏற்கவில்லை. யின், யாங், காற்று, மழை, இருள், ஒளி ஆகிய ஆறும் மிகும்போது ஆறுவகை நோய்கள் பிறக்கும் என்றும், மன்னரின் நோய் அளவற்ற சிற்றின்பத்தால் வந்ததென்றும் உரைத்தார். இங்கே நோயின் காரணம் தெய்வங்களின் சினத்தினின்று மனித வாழ்வின் ஒழுங்கிற்கு இடம் மாறியதைக் காண்கிறோம்.

1973இல் சாங்ஷா நகரருகே மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. உடலில் ஓடும் பதினொரு நாளங்களை அவை யின் என்றும் யாங் என்றும் வகுக்கின்றன. பின்னர்த் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' பன்னிரண்டு நாளங்களைக் கூறுகிறது. முதுகு யாங், வயிறு யின். கல்லீரல், இதயம், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய ஐந்தும் யின். இரைப்பை, குடல் முதலியன யாங். நண்பகல்வரை யாங்கிற்குள் யாங்; அதன்பின் அந்திவரை யாங்கிற்குள் யின். இவ்வாறு ஒவ்வொன்றினுள்ளும் மற்றது உறைவதாக அந்நூல் காட்டுகிறது.

ஆயினும் நோயைச் சமநிலைக் குலைவு என்று கொள்வதில் ஓர் இடர் உண்டு. தெய்வத்தின்மீது சுமத்திய பழியை நோயாளிமீதே சுமத்திவிடலாம். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் இங்கே நம் கவனத்திற்குரியவர். இருநூற்றுக்கு மேற்பட்ட தம் குடும்பத்தாருள் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் மடிந்தனர் என்று அவர் நூலின் முன்னுரை கூறுகிறது. புறத்தினின்று தாக்கும் குளிரால் வரும் காய்ச்சலை அவர் மூன்று யாங், மூன்று யின் என ஆறு நிலைகளாய் வகுத்து, நிலைக்கேற்ற மருந்தை எழுதினார். அவர் கையில் அக்கொள்கை பழி சுமத்தும் கருவியாகாமல், பிணி தீர்க்கும் கருவியாயிற்று.

பிற்காலத்தார் அதனை வாதமின்றி ஏற்றாரல்லர். யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் குறைவு என்றார் ஜூ ஜென்ஹெங் (1281–1358). அதனை மறுத்து, யாங்கைப் பேணுதலே தலையாயது என்றார் ஜாங் ஜியேபின் (1563–1640). ஒரே கொள்கையினின்று எதிரெதிர் மருத்துவம் பிறந்தது. எதனையும் விளக்கவல்ல கொள்கை எதனையும் மெய்ப்பிப்பதில்லை என்ற ஐயம் இவ்விடத்தில் நமக்கு எழுகிறது. யின்–யாங் அடிப்படையையே மறுத்த மருத்துவர் யூ யுன்ஷியூ, பழைய மருத்துவத்தை ஒழிக்க 1929இல் முன்மொழிந்தார். அவ்வாண்டு மார்ச் 17ஆம் நாள் மரபு மருத்துவர்கள் ஷாங்காயில் கூடி எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் மரபு மருத்துவக் கல்லூரிகள் தோன்றின.

இவ்வரலாற்றினின்று நாம் பெறுவது யாது? யின்–யாங் உடற்கூற்றைப்பற்றிய மெய்ப்பிக்கப்பட்ட அறிவியலன்று. அதனைக் கொண்டு கடும் நோய்க்குரிய மருத்துவத்தைத் தள்ளிப்போடுதல் தகாது. ஆனால் அதனை இருளின் வழிபாடென இகழ்வதும் உண்மைக்கு மாறானதே. நோயுற்றவனைத் தெய்வங்களின் பகைவனாக நோக்காமல், பருவமும் உணவும் உழைப்பும் ஓய்வும் சூழ வாழும் மனிதனாக நோக்க அது கற்பித்தது. படுக்கையில் கிடப்பவரிடம் குற்றம் தேடும் பழக்கம் நம்மிடையேயும் முற்றும் மறைந்துவிடவில்லை. ஆதலால் ஹோவின் துணிவையும், ஜாங் ஜோங்ஜிங்கின் பரிவையும் நாம் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது நலம்.