கதவுப் பலகைக்குள் கிடக்கும் வரலாறு

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800இன் முதல் சாவியை இந்திரா காந்தி டெல்லி வாடிக்கையாளர் ஒருவரிடம் வழங்கினார். இந்தியக் கார் வரலாற்றை எழுதுவோர் பலரும் அந்தச் சாவியிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் அச்சாவியால் ஒரு கதவைப் பூட்டினால் மற்றக் கதவுகள் உடன் பூட்டிக்கொள்வதில்லை. அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் மின்பூட்டு வந்தது 1956இல். பிரான்சின் ரெனோ நிறுவனம் ரிமோட் பூட்டை 1982இலேயே விற்றுக்கொண்டிருந்தது.

இந்த இடைவெளியை இந்தியாவில் முதலில் நிரப்பியவை தொழிற்சாலைகள் அல்ல. 1993இல் கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் சாலைகளில் கார்கள் பெருகின. விலை குறைந்த வகைகளில் சென்ட்ரல் லாக்கிங் இல்லை. டெல்லி கரோல் பாக், பெங்களூரு ஜே.சி. சாலை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஆகிய இடங்களின் கடைகளே அதைச் சேர்த்துக் கொடுத்தன. நான்கு ஆக்சுவேட்டர், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒரு சைரன். ஓட்டுநர் கதவின் ஆக்சுவேட்டருக்கு ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டு. மிகுந்த மூன்றும் சாவி திரும்புவதை உணர்ந்து பெட்டிக்கு அறிவிப்பவை.

வெறுங்கதவில் பூட்டுவது எளிது. தொழிற்சாலையே மின்பூட்டும் பவர் விண்டோவும் பொருத்திய காரில் அலாரத்தை இணைப்பதில்தான் வேலையின் நுட்பம் வெளிப்பட்டது. அலாரப் பெட்டி ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பை அனுப்பும். சில கார்களில் அத்துடிப்பே போதும். வேறு சிலவற்றில் மோட்டாரின் இரு வயர்களும் சுவிட்ச் வழியாக எப்போதும் எர்த்தில் அமர்ந்திருக்கும். அழுத்தும்போது மட்டும் ஒன்றில் 12 வோல்ட் பாயும். இங்கே அலார வயரை மேலோட்டமாகச் சுற்றிவிட்டால் மின்சாரம் நேரே எர்த்துக்குப் பாய்ந்து ஃபியூஸ் போகும். ஃபியூஸ் சரியான அளவில் இல்லையெனில் வயரே கருகும். இரு வயர்களையும் வெட்டி, இரண்டு ரிலேக்களை இடையில் வைப்பதே வழி: 30ஆம் முனை மோட்டாருக்கு, 87ஏ பழைய சுவிட்சுக்கு, 87 பேட்டரிக்கு. கண்ணாடிக்கும் பெரும்பாலும் இதே அமைப்புதான். ஆயினும் கண்ணாடி மேலேற அச்சிறு துடிப்பு போதாது. மின்னோட்டத்தைப் பிடித்துவைத்து, கண்ணாடி முட்டியதும் நிறுத்தும் தனிப் பெட்டி தேவை. அப்பெட்டி விரலுக்கும் சட்டத்துக்கும் வேறுபாடு அறியுமா என்பது விலையைப் பொறுத்தது.

எந்தக் காரில் எந்த அமைப்பு என்பதை டெஸ்ட் லைட் ஒன்றால் கண்டறிந்த எலக்ட்ரீசியன்களின் அறிவுக்கு ஆவணக் காப்பகங்களில் இடமில்லை. அங்கே உரிமக் கோப்புகளும் உற்பத்திக் கணக்குகளுமே உள்ளன. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில், புதுக் கண்டுபிடிப்பின் வரலாற்றை விட்டுப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாற்றுக்குத் திரும்பக் கோரினார். இத்துறையில் அக்கோரிக்கையை ஏற்போருக்குச் சான்று எங்கே? நிறுவனங்களின் ஏடுகளில் இவ்வுழைப்பு தென்படும் ஒரே இடம், வயர் வெட்டினால் வாரண்டி செல்லாது என்னும் விதி. குற்றமாகப் பதிவானதே அதன் பதிவு. குடிமைச் சமூக வரலாற்றாசிரியர்களுக்கு இது புதிய அனுபவமன்று.

இன்றைய கார்களில் பூட்டும் கண்ணாடியும் கேன் பஸ் எனும் தரவுத்தடத்தில் செய்திகளாகப் பயணிக்கின்றன. டெஸ்ட் லைட்டுக்கு அங்கே படிப்பதற்கு ஒன்றுமில்லை. கப்ளரோடு கப்ளர் பொருத்தினால் வேலை முடிகிறது. பழைய இணைப்புகள் கார்களின் கதவுப் பலகைகளுக்குள்ளேயே, கருப்பு டேப் சுற்றியபடி எஞ்சியுள்ளன. டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்கள் ஓடக் கூடாதென்பதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. காயலான் கடையில் கதவைப் பிரிப்பவர் அந்த வயர்களை உருவி, உறையை நீக்கி, செம்பை எடைக்குப் போடுகிறார்.